கிடங்கின் காற்றும் சங்கத்தின் சரக்கும்

சென்ற ஐப்பசி மாதத்தில் நம் மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் சரக்கிருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். தீபாவளித் தள்ளுபடி விற்பனைக்கென வைத்திருந்த பருத்திச் சேலைக் கட்டுகளைப் பிரித்தபோது மடிப்புகளில் கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன. அந்த நஷ்டத்தைக் கிடங்குக் காப்பாளரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யவேண்டுமென்று நிர்வாகக் குழுவினர் சிலர் பேசினர்.

“பகல் முழுவதும் குளிர்சாதனம் ஓடுகிறதே, ஐயா! மாலை ஆறு மணிக்கு நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன்” என்றார் அவர். அவர் கூறியது மெய்யே. மின்செலவைக் குறைக்கவேண்டுமென முந்திய ஆண்டு ஆய்வுக் குறிப்பில் எழுதியவனும் நானேதான்.

கெடுதல் விளைந்த விதம் இது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராமே தாங்கும். மழைக்கால இரவில் நம் பள்ளத்தாக்கின் காற்றில் அதைவிட அதிகமான ஈரம் இருப்பது சகஜம். இயந்திரம் நின்றவுடன் அக்காற்று கதவிடுக்கு வழியே நுழைந்து, இன்னும் குளிர்ந்திருக்கும் துணியைத் தொடுகிறது; தாங்கமாட்டாத ஈரத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. குளிர்ந்த நீர் வைத்த பித்தளைச் செம்பு வியர்ப்பதும் இவ்வாறே. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 70க்கு மேல் நீடித்து நிற்குமாயின் பூஞ்சணம் பிடிக்கும்.

துணிக்கு வேண்டுவது குளிர்ச்சியன்று; வறட்சி, அதுவும் ஏறி இறங்காத வறட்சி. இதில் பருத்தியே நமக்குத் துணை செய்கிறது. ஈரப்பதம் 65 உள்ள காற்றில் 100 கிலோ உலர்ந்த பருத்தி சுமார் 8½ கிலோ நீரைத் தன்னுள் வைத்திருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் உறிஞ்சும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். ஆகவே இடுக்குகளை நன்கு அடைத்த, சரக்கு நிறைந்த கிடங்கு தன்னைத்தானே பெருமளவு சீர்செய்துகொள்ளும். டென்மார்க்கின் ரீபே நகரத்துப் பொருட்காட்சிக் கிடங்கை இந்த நெறிப்படியே கட்டியிருக்கிறார்கள். அங்கே முக்கிய இயந்திரம் ஈரம் நீக்கும் கருவி ஒன்றே. அது குளிர்நாடு, நமக்கோ கூரைச் சூட்டைத் தடுப்பது முதல் வேலை. மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு பூசுவதும், கட்டுகளைத் தரையிலிருந்து அரை அடி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி மரச்சட்டங்களின்மேல் அடுக்குவதும் மின்சாரம் கேளாத பணிகள்.

சன்னல் திறக்கும் நேரத்தில்தான் பலர் தவறுகின்றனர். மாசி விடியலில் வெளியே 22 டிகிரி, ஈரப்பதம் 80 என்றும், உள்ளே 30 டிகிரி, ஈரப்பதம் 60 என்றும் வைத்துக்கொள்வோம். எண்ணைப் பார்த்தால் வெளிக்காற்றே ஈரமாகத் தோன்றும். ஆனால் அதில் இருப்பது சுமார் 15½ கிராம். உள்ளே 18 கிராம். அப்போது திறந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிவைக்க வேண்டும். அப்பொழுதும் 65ஐத் தாண்டினால் மட்டும் ஈரம் நீக்கும் கருவியை ஓட்டலாம்.

இதற்கு வேண்டிய ஈரமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அப்படியே நம்பிவிடலாகாது. கறியுப்பைச் சிறிது நீர் விட்டுச் சேறுபோல் குழைத்துக் கிண்ணத்தில் இட்டு, கருவியையும் அதனுடன் ஒரு டப்பாவில் இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துப் படியுங்கள்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சை உயிருள்ள சரக்கு. குளிர்கிடங்கில் திராட்சைக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிரும், 90க்கு மேற்பட்ட ஈரமும் வேண்டும். வாழைக்காயோ 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்துவிடும். ஏலக்காய் மட்டும் துணியின் கட்சி: ஈரம் நூற்றுக்குச் சுமார் 10 ஆகும்வரை உலர்த்தி, பாலிதீன் உறையிட்ட சாக்கில் வறண்ட அறையில் வைக்கவேண்டும். ஒரே கிடங்கில் பழத்தையும் சேலையையும் வைக்கலாமென்று யாரேனும் யோசனை கூறினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அச்சங்கத்தின் மகாசபை நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது குளிர்சாதனம் வாங்கும் தீர்மானமும், காப்பாளரின் சம்பளப் பிடித்தமும் இருந்தன. ஒன்றை ஒத்திவைக்கவும், மற்றதைக் கைவிடவும் எழுதிக்கொடுத்தேன். இப்போது கதவுக்கு ரப்பர் பட்டை வந்துவிட்டது. சுவரில் ஈரமானி தொங்குகிறது. காலையும் மாலையும் அதைப் பார்த்து நோட்டில் குறிப்பவர் அதே காப்பாளர்தான். சென்ற வாரம் அவர் எழுதியிருந்த எண் 61.