மைலேஜும் மாதச் செலவும்

இந்தியாவில் கார் விளம்பரங்களில் வரும் மைலேஜ், சாலையில் ஓட்டி அளந்ததல்ல. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, வகுத்துவைத்த வேகங்களில் ஓட்டி எடுக்கும் அளவு அது. அங்கே ஏசி ஓடாது, குண்டும் குழியும் கிடையாது. அன்றாட ஓட்டத்தில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் அந்த எண் உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது மாத ஓட்டம். மாதம் 1,000 கி.மீ. ஓடும் காருக்கு லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் ஆண்டுக்கு 800 லிட்டர் பெட்ரோல் ஆகும், 20 கி.மீ. கிடைத்தால் 600 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 20,000 ரூபாய். அதற்காக 2 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஹைப்ரிட் வாங்கினால், போட்ட பணம் திரும்பவே 10 ஆண்டு ஆகும். ஷோரூமுக்குப் போகுமுன் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுவது நல்லது.

ஊருக்குள் சிறு தூரமே ஓட்டுபவருக்கு டீசல் பொருந்தாது. பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தேங்கிய கரி எரிந்து தீர, வண்டி சற்று நேரம் தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். இல்லையேல் அடைத்துக்கொள்ளும். சி.என்.ஜி.யில் எரிபொருள் செலவு குறையும். ஆனால் சிலிண்டர் டிக்கியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பங்க்கும் அருகில் இருக்க வேண்டும்.

நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் இருந்தால் ஜி.எஸ்.டி. குறைவு. சிறிய கார்கள் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.