மறந்துபோகும் சர்வரும் வண்ணார் குறியும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் தங்கி, களமசேரியில் உள்ள குசாட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். காலையில் பல்கலைக்கழக மின்னஞ்சலைத் திறக்கிறாள். கடவுச்சொல்லை ஒரே ஒரு முறைதான் கொடுக்கிறாள். அதன்பின் எந்தக் கடிதத்தைத் தொட்டாலும் அவளுடைய கடிதம்தான் வருகிறது. இத்தனைக்கும் சர்வருக்கு அவளை ஞாபகமே இல்லை!

வலைத்தளங்களை இயக்கும் எச்டிடிபி என்ற விதிமுறை பிறப்பிலேயே ஞாபகமில்லாதது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ அதை வகுத்தபோது, ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களைப் படித்தால் போதும் என்ற நிலை. பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும்; கொடுத்ததும் கேட்டவரை மறந்துவிடும். பொது ஆவணத்துக்கு அது சரி, அந்தரங்கக் கடிதத்துக்கு ஆகாது. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி இந்த மறதிக்கு ஒரு வழி கண்டார். அதுதான் குக்கி. இரண்டாண்டு கழித்து, 1996 ஜூலை 4 அன்று, சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் பிரவுசரிலேயே படிக்கும் மின்னஞ்சலான ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். அலுவலக மின்னஞ்சலில் சொந்த விஷயம் எழுதினால் மேலதிகாரிகள் பார்த்துவிடுவார்களே என்ற கவலைதான் அவர்களை அந்த யோசனைக்குத் தள்ளியது.

குக்கி வேலை செய்யும் விதத்தை மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தலைமுறைகளாகத் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கின்றன. மலைபோல் குவியும் வெளுப்பில் எது யாருடைய சட்டை என்று முகத்தை வைத்தா நினைவில் கொள்ள முடியும்? வண்ணார் குறிதான் சொல்லும். குறியை இடுபவர் வண்ணார், சுமந்து திரிவது நம் சட்டை. குக்கியும் அப்படியே. கடவுச்சொல் சரியென்றதும் சர்வர் ஒரு எண்ணைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டு நமக்குத் தருகிறது, நம் பிரவுசர் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளிக்கோடும் திருப்பிக் காட்டுகிறது.

அந்த எண்ணை யாராவது ஊகித்துவிட்டால்? பல அமைப்புகளில் அது 128 பிட் நீளம். சாத்தியமான எண்களின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். விநாடிக்கு நூறு கோடி எண்களாகச் சோதித்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. மனிதர் வகுத்த மிக அழகான பாதுகாப்புகளில் ஒன்றாக இதை நான் நினைக்கிறேன்.

ஆனால் ஊகிக்க முடியாததை எடுத்துக்கொள்ள முடியும். நூலகத்தின் பொதுக் கணினியில் ஜன்னலை மட்டும் மூடிவிட்டு எழுந்தால், எண் அங்கேயே தங்கிவிடக்கூடும். அடுத்து உட்காருபவரை அந்த மாணவியென்றே சர்வர் நம்பும். ‘லாக் அவுட்’ அழுத்தினால் சர்வர் தன் பதிவேட்டிலிருந்து அந்த எண்ணை அப்போதே அடித்துவிடும்.