ஷெல்லின் தொடக்கக் கோப்பும் தொலைக்கட்டளைப் பிழைகளும்

லினக்ஸ் கணினியில் பயனர் தட்டும் கட்டளையை வாங்கி, அதற்குரிய நிரலை இயக்கித் தரும் இடைநிலை நிரலே ஷெல் எனப்படுகிறது; அதன் வகைகளுள் 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் மிகப் பரவலானது. தொலைவிலுள்ள கணினியோடு மறையாக்கம் செய்த இணைப்பில் பேச உதவுவது, ஃபின்லாந்தின் டாட்டு யூலோனென் 1995-இல் உருவாக்கிய எஸ்எஸ்எச் நெறிமுறை. உள்ளே நுழைந்து தட்டினால் ஒழுங்காக ஓடும் கட்டளை, எஸ்எஸ்எச் வழியே தனியாக அனுப்பினால் பிழை காட்டுவதுண்டு.

கட்டளையில் குறை இராது. ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்புகளே வேறுபடுகின்றன. பயனர் நுழையும்போது புரொஃபைல் கோப்புகளைப் படிக்கும் பாஷ், தனிக்கட்டளை வரும்போது அவற்றை விடுத்து .பாஷ்ஆர்சி கோப்பைப் படிக்கிறது. நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலான 'பாத்' புரொஃபைலில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், கட்டளை கிடைக்கவில்லை என்ற பிழை எழும். நிரலின் முழுப் பாதையையும் கொடுத்தால் அது தீரும்.

இதைவிட நுட்பமானது, .பாஷ்ஆர்சி திரையில் எதையாவது அச்சிடுவதால் வரும் கோளாறு. கோப்புகளைக் கொண்டுசெல்லும் எஸ்எஃப்டிபி, வந்துசேரும் முதல் 4 பைட்டுகளைச் செய்தியின் நீளமாகக் கொள்கிறது. அவ்விடத்தில் ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்ற சொல் வந்துவிட்டால், அதன் முதல் நான்கு எழுத்துகளின் குறியெண்கள் சேர்ந்து 1466264675 என்ற எண்ணாகிவிட, செய்தி மிக நீளம் என்று கூறி நிரல் நின்றுவிடுகிறது. பிழைச்செய்தியில் தெரியும் அந்தப் பெரிய எண் உண்மையில் ஒரு வரவேற்புச் சொல் என்பதை அறிந்தவருக்குத் தேடல் பாதியாகக் குறையும். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் நிரலோ, இத்தகைய நிலையில் ஷெல் தூய்மையாக உள்ளதா என்று நேராகவே கேட்டுவிடுகிறது.

தீர்வு எளிது. பயனரோடு நேரில் உரையாடும் ஷெல்லில் மட்டும் '$-' என்ற மாறியில் 'ஐ' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து இருக்கும். அது இல்லையென்றால் உடனே திரும்பிவிடும்படி .பாஷ்ஆர்சியின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை எழுதி, வரவேற்புச் செய்திகளையும் முனைய அமைப்புகளையும் அதற்குக் கீழே வைப்பதே சரியான முறை. தொலைக்கட்டளைகளுக்கும் தேவைப்படும் 'பாத்' வரி அதற்கு மேலே இருக்க வேண்டும். திருத்தியபின், எதையும் அச்சிடாத 'ட்ரூ' கட்டளையைத் தொலைக் கணினிக்கு அனுப்பி, வரும் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துப் பார்க்கலாம்; அக்கோப்பின் அளவு 0 பைட்டாக இருக்க வேண்டும்.