கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

கூட்டேரிப்பட்டு வட்டாரத்தில் மழை விட்டதும் மணிலாக் கொல்லையிலும் நெல் வரப்பிலும் தானே முளைப்பது கீழாநெல்லி. களையெடுக்கும்போது பிடுங்கி எறிகிறோம். வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் அதையே தேடி ஓடுகிறோம்.

பெருநெல்லி, அரைநெல்லி ஆகிய மரங்களும் இந்தச் சிறுசெடியும் 'பில்லாந்தஸ்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கீழாநெல்லியின் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். 'அமாரஸ்' என்றால் லத்தீனில் கசப்பு. அந்தக் கசப்புப் பொருளைக் குளித்தலையில் பிறந்த வேதியியல் அறிஞர் டி.ஆர்.சேஷாத்திரியும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணமூர்த்தியும் 1946இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அதுவே பில்லாந்தின். இதனுடன் ஹைப்போபில்லாந்தினும், துவர்ப்புத் தரும் டானின்களும் செடியில் உள்ளன. பில்லாந்தின் இலையில்தான் அதிகம். தண்டில் மிகக் குறைவு. ஆகவே இலை உதிர்ந்த சரக்கு வெறும் குச்சிக்குச் சமம்.

விற்பதற்காகச் சேகரிப்போர் இனம் பார்த்துப் பறிக்க வேண்டும். கீழாநெல்லிக்குத் தண்டு பச்சை. காய் வழவழப்பாக, சிறு காம்புடன் இலைக்கு அடியில் தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பின்றிச் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. மேலாநெல்லியில் நடுத்தண்டிலேயே இலைகள் இருக்கும். தென்னிந்திய மருந்துச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற மாதிரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வேறு இனம் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. பயிராகச் செய்வோர் விதைத்த 80 முதல் 100 நாட்களுக்குள், இலை பசுமையாக இருக்கும்போதே பிடுங்கி, மண் நீக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். களைக்கொல்லி தெளித்த வரப்புச் செடியைத் தொடவே கூடாது.

இனி காமாலை. அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். பெயர் மட்டும் பச்சிலைக்குப் போய்விடும். இரத்தத்தின் வழி பரவும் 'பி' வகைக் கிருமி அப்படியல்ல. அது உடலில் தங்கி ஈரலைக் கெடுக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 'பி' கிருமி தங்கியவர்களுக்கு இச்செடியின் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தனர். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. 1988இல் 'லான்செட்' இதழில் வந்த இம்முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இனமும் மண்ணும் மாறியதே காரணம் என்போர் உண்டு. எப்படியானாலும், நிலைநாட்டப்பட்ட மருந்தென்று இதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. நோயாளி கர்ப்பிணியானாலும், பேச்சுக் குழறி மயக்கமாகத் தூங்கினாலும், இரத்த வாந்தி எடுத்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது. 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.