நோயாளி ஒருவர், கைகள் பல

நோயைக் குணப்படுத்துபவர் டாக்டர் என்பது நாம் வழக்கமாகச் சொல்வது. ஆயினும் இக்காலத்து ஆஸ்பத்திரியில் ஒருவர் பத்து நாள் படுத்திருந்தால், டாக்டர்கள் பலர் அவரைப் பார்க்கின்றனர். நர்ஸ்கள் மூன்று ஷிப்டுகளில் மாறி மாறிக் கவனிக்கின்றனர். மருந்தாளர், இரத்தப் பரிசோதகர், எக்ஸ்ரே எடுப்பவர், வார்டு ஊழியர் எனப் பலருடைய பொறுப்பு அவர்மீது படிகிறது. இவர்கள் யாவரும் தத்தம் தொழிலில் தேர்ந்தவர்களே. ஆனால் ஒருவரோடொருவர் கூடி வேலை செய்ய இவர்களுக்குக் கற்பித்தவர் யார்? இந்தக் கேள்வி வெறும் நிர்வாகப் பிரச்னை அன்று, உயிரைப் பற்றியது.

2005-ம் ஆண்டு இங்கிலாந்தில் விமானி ஒருவரின் மனைவி சாதாரணமானதொரு அறுவைச் சிகிச்சைக்காகச் சென்றார். மயக்க மருந்து கொடுத்தபின் சுவாசப் பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க டாக்டர்கள் மூவர் கூடி, தொண்டை வழியே குழாயைச் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றனர். நிமிஷங்கள் கழிவதை உணரவில்லை. கழுத்தில் துளையிட்டுச் சுவாசம் அளிப்பதற்கான கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டுவந்து வைத்தார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். அவர்கள் சொல் எடுபடவில்லை. மேலும் வற்புறுத்திச் சொல்ல அவர்களுக்கு வழியும் தெரியவில்லை. சில நாட்களில் அப்பெண்மணி காலமானார்.

அந்த அறையில் அறிவுக்குக் குறைவில்லை, கருவிகளுக்கும் குறைவில்லை. வழி அறிந்தவர் வாய் திறக்கவும், பொறுப்பில் இருந்தவர் செவி சாய்க்கவும் பயிற்சிதான் இல்லை. கணவர் எவரையும் பழிவாங்க முற்படவில்லை. விமானத் துறையில் உள்ள பயிற்சி மருத்துவத்தில் ஏன் இல்லை என்று கேட்டு, அதற்காகவே உழைக்கலானார்.

விமானத் துறை அப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ஸ்பெயினுக்குரிய டெனரீப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். எதிர் விமானம் பாதையை விட்டு விலகியதா என்று எஞ்சினியர் ஐயம் எழுப்பினார்; தலைமை விமானி அதைப் பொருட்படுத்தவில்லை. ஐயத்தை வாய்விட்டுச் சொல்ல இளையவருக்கும், அதை மதித்துக் கேட்க மூத்தவருக்கும் பயிற்சியளிக்கும் முறை அதன் பின்னரே விமானக் கம்பெனிகளில் பரவிற்று.

ரயில்வேயில் வேலை செய்யும் எம்போன்றோருக்கு இது விளங்காத தத்துவம் அன்று. இன்று லோகோ பைலட் எனப்படும் எஞ்சின் டிரைவரும் அவருடைய உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் கண்டு, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்கின்றனர். ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் சொல்லும் செய்தியைக் கேட்மேன் பெற்று, கேட்டை மூடியதற்கு அடையாளமாக ‘பிரைவேட் நம்பர்’ ஒன்றைத் தருகிறார். சொன்னது கேட்கப்பட்டதா என்பதை ஊகத்துக்கு விடுவதில்லை.

இதே நெறி இன்று ஆஸ்பத்திரிகளில் கற்பிக்கப்படுகிறது. அமெரிக்க அரசாங்கம் 2006-ல் ‘டீம்ஸ்டெப்ஸ்’ என்ற பாடத்திட்டத்தையே வெளியிட்டது. டாக்டரும் நர்ஸும் மற்றவர்களும் ஒரே அறையில் கூடி, பொம்மை நோயாளியை வைத்து ஆபத்து வேளையை நடித்துப் பழகுகின்றனர். பிறகு எங்கே தடுமாறினோம் என்று அமர்ந்து பேசுகின்றனர். இரவில் டாக்டரை அழைக்கும் நர்ஸ், “நோயாளிக்குச் சற்றுச் சரியில்லை” என்று பொதுப்படச் சொல்வதில்லை; நிலைமை, பின்னணி, தம் மதிப்பீடு, வேண்டுவது என நான்கு படிகளில் பேசுகிறார். “ஐந்தாம் படுக்கைக்காரருக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, காலையில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், உள்ளே இரத்தம் கசிவதாக எண்ணுகிறேன், தாங்கள் உடனே வரவேண்டும்.” இவ்வளவே. இதைக் கேட்ட டாக்டர் தூக்கத்தைத் தொடர இயலுமா?

பலன் உண்டா என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குமுன் அறையில் உள்ளவர் அனைவரும் தம் பெயரையும் பணியையும் கூறிக்கொள்வதும் அதில் ஓர் அம்சம். 2009-ல் வெளியான முடிவின்படி, மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆயிற்று. ஆனால் கானடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அத்தகைய பட்டியலைக் கட்டாயமாக்கியபோது, 101 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்த 2014-ம் ஆண்டு ஆய்வு குறிப்பிடத்தக்க பலனைக் காணவில்லை. மாறாக, அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளுள் 74-ல் ஆபரேஷன் ஊழியருக்குக் கூட்டாகப் பயிற்சி அளித்தபின், மரணம் 18 சதவீதம் குறைந்தது; பயிற்சி பெறாத 34-ல் 7 சதவீதமே குறைந்தது. காகிதத்தில் குறியிடுவது வேறு, மனிதர் கூடிப் பேசுவது வேறு என்பது இதனால் புலப்படும்.

நம் நாட்டிலும் 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, டாக்டர் ஒரு குழுவின் தலைவராக மட்டுமின்றி உறுப்பினராகவும் விளங்கவேண்டும் என்பது இலக்காக வைக்கப்பட்டது. ஆயினும் மருத்துவ மாணவரும் நர்ஸிங் மாணவரும் பெரும்பாலும் தனித்தனியே படித்து, வேலையில்தான் முதன்முதல் சந்திக்கின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் டாக்டருக்கும் மற்றொருவர் நர்ஸுக்கும் படிக்கக்கூடும். மருந்து அளவில் ஐயம் எழுந்தால் கேள் என்று ஒருவருக்கும், கேட்டவரைக் கடிந்துகொள்ளாதே என்று மற்றவருக்கும் நாமே சொல்லி வைக்கலாம்.

நோயாளியின் குடும்பமும் அக்குழுவில் ஓர் அங்கமே. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது மிகவும் பொருந்தும். ஊரிலிருந்து வந்த தாயார் தமிழன்றி வேறு மொழி அறியார். தமக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை நர்ஸிடம் அவரால் சொல்ல முடியாது. ஆதலின் அவர் உட்கொள்ளும் மருந்துகள், அவற்றின் அளவு, ஒவ்வாதவை, முன்பு செய்த ஆபரேஷன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு மாறும்போது புதிதாக வருபவரிடம் அதைக் காட்டுங்கள். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. நல்ல டாக்டர் அதை விரும்பவே செய்வார்.