பினே–சைமன் அளவுகோல்

பினே–சைமன் அளவுகோல் என்பது பள்ளிக் குழந்தைகளின் நுண்ணறிவை அளக்க 1905-ஆம் ஆண்டு பிரான்சில் உருவாக்கப்பட்ட சோதனையாகும்.

பிரான்சில் 1882-இல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டபின், பாடத்தைப் பின்தொடர இயலாத குழந்தைகளும் வகுப்பறைக்கு வந்தனர். அவர்களுள் யாருக்குத் தனிக் கவனம் தேவை என்பதை ஆசிரியரின் கணிப்புக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என உளவியலாளர் ஆல்பிரட் பினே கருதினார். மருத்துவர் தியோடர் சைமனுடன் சேர்ந்து 30 சிறு பணிகளை எளியதிலிருந்து கடினமானது வரை அடுக்கினார். எரியும் தீக்குச்சியைக் கண்களால் பின்தொடர்வது முதல் பணி. பொருள் நெருங்கிய இரு கருத்துச் சொற்களை வேறுபடுத்துவது கடைசிப் பணி. இடையில் எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லுதல், கோடுகளின் நீளத்தை ஒப்பிடுதல் போன்றவை இருந்தன.

1908-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பணிகள் வயதுவாரியாகத் தொகுக்கப்பட்டன. மனவயது என்னும் கருத்து இதிலிருந்தே பிறந்தது. ஆனால் இரண்டு ஆண்டுப் பின்தங்கல் எல்லா வயதிலும் ஒன்றல்லவே! ஆகவே 1912-இல் வில்லியம் இசுடெர்ன் மனவயதைக் கால வயதால் வகுக்கலாம் என்றார். 1916-இல் லூயிசு டெர்மன் அந்த ஈவை 100-ஆல் பெருக்கினார். 6 வயதுக் குழந்தையின் மனவயது 4 எனில் நுண்ணறிவு ஈவு 67. 12 வயதில் மனவயது 10 எனில் 83.

1911-இலேயே இறந்துவிட்ட பினே இந்த எண்ணைக் காணவில்லை. நுண்ணறிவு மாறாத அளவு என்ற கருத்தை அவர் 1909-இல் வெளியான தம் நூலில் மறுத்திருந்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கும் பயிற்சிகளையும் பரிந்துரைத்தார். அதே அளவுகோலை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்ற ஹென்றி கோடார்டோ நுண்ணறிவு பிறவியிலேயே அமைவது என நம்பி, எல்லிசு தீவில் வந்திறங்கிய குடியேறிகளைத் தரம்பிரிக்க அதைப் பயன்படுத்தினார்.