கம்பளிக்குள் பனிக்கட்டியை வைத்துப் பார்க்கட்டும்

ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைக் கம்பளியில் சுற்றி, மற்றதை அப்படியே விட்டால் எது முதலில் உருகும்? கம்பளிக்குள் இருப்பதுதான் என்று மாணவர்கள் பலர் சொல்வார்கள். கம்பளி சூடு தரும் பொருள் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. அமெரிக்காவில் மார்சியா லின் குழுவினர் 1990-களில் வெளியிட்ட ஆய்வில், குளிர்பானத்தின் குளிர்ச்சி போகாமலிருக்கக் கம்பளியைவிட அலுமினியத் தாளே மேல் என்று பெரியவர்களும் கருதியது தெரியவந்தது. வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக் கதிர்வீச்சு மூன்றையும் பிழையின்றி எழுதும் மாணவரிடமும் இந்த எண்ணம் கலையாமல் இருக்கலாம். அதனால்தான் வெப்பக் காப்புப் பாடத்தைச் சூடான பொருளில் அல்லாமல் பனிக்கட்டியில் தொடங்க வேண்டும் என்கிறேன். கம்பளி சுற்றிய தேநீர் நெடுநேரம் ஆறாமல் இருந்தால், கம்பளி சூடு கொடுத்தது என்ற தவறான கருத்துக்கும் அந்த முடிவு பொருந்திவிடும். உருகாமல் நிற்கும் பனிக்கட்டி அந்தக் கருத்துக்கு இடமே தராது.

இதற்குப் பிரம்மாண்டமான ஒரு சான்று வரலாற்றில் இருக்கிறது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகரின் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து கிளம்பிய டஸ்கனி கப்பல், நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து செப்டம்பரில் கல்கத்தா வந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ், இந்த வணிகத்துக்காகவே 1842-இல் எழுந்தது. பனிக்கட்டியைக் காத்தவை மரத்தூள், வைக்கோல் போன்ற எளிய பொருள்கள். இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றின் இடுக்குகளில் அசையாமல் சிக்கிக் கிடந்த காற்று. வெப்பம் கடத்தும் திறன் செம்புக்கு 400 என்றால், அதே அலகில் தண்ணீருக்கு 0.6, அசையாத காற்றுக்கு வெறும் 0.025. தெர்மோகோலும் பஞ்சும் கம்பளியும் செய்வது காற்றை நகரவிடாமல் பிடித்துவைக்கும் வேலைதான். நனைந்த கம்பளியின் காப்புத் திறன் குறைவதும் இதனால்தான்: காற்றின் இடத்தில் இருபது மடங்குக்கும் மேல் கடத்தும் தண்ணீர் வந்துவிடுகிறது. கப்பலில் பனிக்கட்டி தப்பியதற்கு அதன் பெருத்த அளவும் ஒரு காரணமல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், பொருள் பெரிதாகும்போது எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைகிறது. ஆனால் 80 டன் உருகிப்போனதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். காப்புப் பொருள் வெப்பத்தை மெதுவாக்கும், நிறுத்தாது.

தொட்டுப் பார்க்கச் சொன்னாலே போதாதா என்பது இன்னொரு கேள்வி. இரும்பு மரத்தைவிடச் சில்லென்று இருக்கும் என்ற பாடம் குளிர்நாட்டு வகுப்பறைக்கே நன்றாகப் பொருந்தும். உள்ளங்கைத் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. அறையும் அதே அளவில் இருக்கும் கோடை நாளில் இரும்புக்கும் மரத்துக்கும் வேறுபாடே தெரியாது. 40 டிகிரியில் இரும்புதான் அதிகம் சுடும். பாடநூல் சொல்வதற்கு நேர்மாறாகக் கை சொன்னால் மாணவர் எதை நம்புவார்? இரண்டிலும் வெப்பநிலைமானியை வைத்து ஒரே எண்ணைப் படித்தால்தான், கை உணர்வது வெப்பநிலையை மட்டுமல்ல, வெப்பம் பாயும் வேகத்தையும் என்பது விளங்கும்.

நேரமும் கருவியும் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பனிக்கட்டிச் சோதனைக்குத் தேவை இரண்டு டம்ளர், கொஞ்சம் பஞ்சு, ஒரு தராசு. உருகிய தண்ணீரை வடித்து எடை போட்டால் முடிவு கையில். வெந்நீர்ச் சோதனை இவ்வளவு எளிதாக ஒத்துழைக்காது. டம்ளரின் பக்கங்களுக்கு மட்டும் பஞ்சு சுற்றி வாயைத் திறந்து வைத்தால், சுற்றிய டம்ளருக்கும் சுற்றாததற்கும் பெரிய வேறுபாடு வராமல் போகலாம். வெப்பத்தில் பெரும்பகுதி ஆவியாதலால் மேல்வழியே போய்விடுகிறது. இதைத் தோல்வி என்று ஒதுக்காமல், வேறுபாடு ஏன் வரவில்லை என்று மாணவர்களிடமே கேட்கலாம். இரண்டுக்கும் மூடி போட்டு மறுபடி அளந்தால் பஞ்சின் பங்கு தனியே தெரியவரும்.